பச்சைப் புள்ளடி

பாரிஸின் லா சப்பலில் எங்கள் பலசரக்குக் கடைக்கு வருபவர்கள் கடிதங்களையும் கையோடு கொண்டு வருவார்கள். பிரெஞ்சில் எது வந்தாலும் காசுமேசையில் நிற்கும் என்னிடம்தான் வாசிக்கத் தருவார்கள். "அண்ணைக்குத் தெரியாததே?" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. வேறென்ன சொல்ல?

நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வாடிக்கைக் குடும்பமொன்றின் மகள், இங்கேயே பிறந்த பிள்ளை, ஒரு கட்சியின் பட்டியலில் நின்றாள். கடைக்கு வந்து துண்டுப்பிரசுரம் தந்தாள்.

"அங்கிள், எங்கடை ஆக்கள் வந்து வாக்குப் போடுவினம் எண்டு கட்சியிலை சொல்லிப்போட்டன். என்ரை மானத்தைக் காப்பாத்துங்கோ."

"நீ யோசியாதை பிள்ளை, நான் இருக்கிறன்."

"அதுதான் பயமாக்கிடக்கு" என்று சிரித்தாள்.

குடியுரிமை கிடைத்துப் பல வருடங்களாகியும் நான் இங்கே ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. ஞாயிறென்றால் கடையில் சனம் கூடும் என்று சாட்டுச் சொல்லியே காலம் போய்விட்டது. அதை யாரிடமும் மூச்சுவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் போடாத வாக்கா? கட்சிக்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி, அதில் பிடித்த ஆளுக்கு விருப்பு வாக்காக இன்னொரு புள்ளடி. இங்கே மட்டும் வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

"பட்டியலிலை அவளின்ரை பேருக்கு நேரை புள்ளடி போடுங்கோ. அங்கை பேனை இருக்குமோ தெரியாது, இதைக் கொண்டுபோங்கோ" என்று, விற்காமல் கிடந்த பச்சைப் பேனைகளை வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நானும் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன்.

வாக்கெடுப்பு ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெட்டியை மூடியதும், விரும்பியவர்கள் நின்று எண்ணுவதைப் பார்க்கலாம் என்றார்கள். பெருமையோடு நின்றேன். மேசையிலிருந்த பெண் ஓர் உறையைப் பிரித்து, சீட்டை விரித்து, பச்சைப் புள்ளடியைக் கண்டதும் "நுல்" என்றாள். செல்லாது. இங்கே சீட்டில் ஒரு கீறலும் இருக்கக்கூடாதாம். பிடித்த பட்டியலை மடித்து உறைக்குள் வைத்தால் போதுமாம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு பச்சை. "நுல்." பிறகு இன்னொன்று. அவற்றில் ஒன்று என்னுடையது. எனக்குக் காது சுட்டது. அங்கே நின்ற கட்சிக்காரர் ஒருவர், எண்ணுவதைப் பார்க்க வந்திருந்த அந்தப் பிள்ளையைத் திரும்பிப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

வெளியே வந்ததும் என்னிடம் ஓடி வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆர் அங்கிள் எங்கடை ஆக்களுக்கு இப்பிடிச் சொல்லிக் குடுத்தது?"

"ஆரோ ஒரு விசரன்" என்றேன். வாய் கூசவில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. நான் சொல்லாவிட்டால் சனம் மறுபடியும் கீறிப்போட்டுவிட்டு வரும். சொன்னால் என் வண்டவாளம் தெரிந்துவிடும். வெட்கங்கெட்டவன், அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன். "முதல் சுற்றுக்குத்தான் புள்ளடி. ரெண்டாம் சுற்றுக்கு அவளின்ரை பட்டியலை ஒண்டும் கீறாமல் மடிச்சு வைச்சால் காணும். சட்டம் அப்பிடி" என்று வாரம் முழுக்க வந்தவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை.

சனிக்கிழமை அவள் கடைக்கு வந்தாள். முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற ஓர் அம்மா அவளைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, போன கிழமை உனக்கு வடிவாப் புள்ளடி போட்டனான். அண்ணைதான் பேனையும் தந்தவர். நாளைக்குப் புள்ளடி வேண்டாமாம், உண்மையோ?"

அவள் மேசையில் குவளை நிறைய நின்ற பச்சைப் பேனைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எல்லோர் முன்னாலும் ஏசட்டும், ஏசிவிட்டால் நல்லது என்றிருந்தது எனக்கு.

"ஓம் அன்ரி, அங்கிள் சொன்னது சரி. நாளைக்கு ஒண்டும் கீறாமல் மடிச்சு வைச்சால் காணும்" என்றாள்.

அந்த அம்மா போனபின், "அந்த விசரன் நான்தான் பிள்ளை" என்றேன்.

"தெரியுது அங்கிள்." குவளையை என் பக்கம் தள்ளினாள். "நாளைக்கு மட்டும் இதை உள்ளை வையுங்கோ."

தன் மானத்தைக் காப்பாற்றச் சொல்லி என்னிடம் வந்த பிள்ளை, என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போனாள்.