கறிக்கு எடுத்த சாளை

என் மனைவியை என் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பிரித்தவர் நீர்தான். டப்பாவில் சத்துமாவும் மீன் எண்ணெய் மாத்திரையும் விற்கிறவரே, உம்மைத்தான் சொல்கிறேன்.

எங்கள் நாட்டுப்படகு கரை சேர்ந்ததும், ஏலம் போடும் முன் ஆளுக்கு ஒரு பங்கு மீனைக் கறிக்கென்று எடுத்துவைப்போம். அது வீட்டில் தின்பதற்கு. வெளியே போகக் கூடாது. என் பங்குச் சாளையை அவள் மாங்காய் கீறிப் போட்டுக் குழம்பு வைப்பாள். மதியம் எதிரெதிரே உட்காருவோம். சினை இருந்தால் என் தட்டில் போடுவாள். நான் திருப்பிப் போடுவேன். சண்டை வரும்.

போன வருஷம் அவளுக்கு ஓயாத அசதி. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டியவள், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து உம்முடைய கூட்டத்துக்குப் போனாள். மைக்கைப் பிடித்து, மாவைக் கரைத்துக் குடி, சோறும் மீன்குழம்பும் வேண்டாம் என்றீர்.

"ஏளா, ஒரு துண்டு தின்னு பாரு" என்பேன்.

"மாவு குடிச்சாச்சுல்லா, பசிக்கல. மீன் சத்துதான் மாத்திரையில இருக்கே."

"கடக்கரையில இருந்துக்கிட்டு மீன டப்பாவுல தேடுதியே!"

முன்பென்றால் சிரித்திருப்பாள்.

அசதி கூடியது. உடம்பின் அழுக்கு வெளியேறுகிறது என்றீராம். ஒரு நாள் தண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தாள். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் பார்த்து, இரும்புச்சத்து அடிமட்டம் என்றார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதினார். அதைக் குறை சொல்ல மாட்டேன், பார்த்துக் கொடுத்த மருந்து. "மாத்திரையோட மீன், கீரை, பயறு எல்லாம் சாப்பிடணும்" என்றார்.

அப்போதுதான் கேட்டேன். "எனக்கு ரெண்டு துண்டுதான வச்ச. மிச்ச மீனெல்லாம் எங்கன போச்சு?"

"அந்த மாவு விக்கிற அண்ணாச்சி வீட்டுக்குக் குடுத்துவிட்டேன். அவுக பிள்ளைகளுக்குச் சாளைன்னா உசுராம்."

இப்போது தேறிவருகிறாள். ஆனால் அடுப்படியில் தனியாகத் தின்கிறாள். கறி மீனை வெளியே கொடுத்த வெட்கம். "ஒங்க முன்னால உக்கார எனக்கு மொகம் இல்ல" என்கிறாள். நான் சினையைத் தட்டோரம் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். திருப்பிப் போட ஆளில்லை.

தப்பு அவளுடையது இல்லை என்று நான் சொன்னால் நம்ப மாட்டேனென்கிறாள். நீர் சொல்ல வேண்டும். வருகிற ஞாயிறு, எல்லாரும் இருக்கும்போது, அவளும் இருப்பாள், அதே மைக்கைப் பிடித்துச் சொல்லும்: அவளிடம் தின்னாதே என்று சொன்ன மீனை உம் வீட்டுச் சட்டியில் ஏன் ஆக்கினீர்?