லைசன்ஸ் உள்ள கப்டனும் கழற்றிய சப்பாத்துகளும்

சிட்னியில் ஒரு கடல் அருங்காட்சியகத்தில் பல வருடம் வழிகாட்டியாக இருந்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கதை சொல்லியே ஆகவேண்டும்.

அன்று என் புரபேஷன் முடியும் நாள். மேலாளர் ஹெலன் பின்வரிசையில் நின்றார். வேலை நிரந்தரமா, வீட்டுக்கா என்பது அந்த டூரோடு தெரியும். வந்தவர்களோ பென்டில் ஹில் புறநகரிலிருந்து ரயிலேறி வந்த எங்கள் தமிழ் மூத்தோர் சங்கம்!

கண்காட்சி, மத்தியகால ஜெர்மன் கப்டன் ஒருவரைப் பற்றியது. எதிரிக் கப்பல்களைப் பிடிக்க ஊரே அவருக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தது. அப்படி ஒரு கப்பலைப் பிடித்தபோது, அதிலிருந்த, தேவாலயப் பீடத்தில் வைக்கும் பெரிய படத்தையும் எடுத்துத் தன் ஊர் தேவாலயத்துக்குக் கொடுத்துவிட்டார்.

"கடற்கொள்ளைக்காரன் எண்டு நினையாதேங்கோ. லைசன்ஸ் உள்ள ஆள்," என்று அறைக்கு அறை வக்காலத்து வாங்கினேன். அருங்காட்சியகம் தந்த ஸ்கிரிப்ட் அப்படி.

கடைசி அறையில் அந்தப் படத்தின் முழு அளவுப் பிரதி. திரும்பிப் பார்த்தால், முழுச் சங்கமும் சப்பாத்தைக் கழற்றுகிறது! எமர்ஜென்சி வாசலை மறித்துச் சப்பாத்துக் குவியல்.

ஹெலனின் முகம் சிவந்தது. "வெறுங்காலுடன் நிற்கக்கூடாது, வசந்தி. உடனே சரிசெய்," என்றார் ஆங்கிலத்தில்.

முன்னால் நின்றவரிடம் ஓடினேன். "அங்கிள், சப்பாத்தைப் போடுங்கோ."

"சாமி படத்துக்கு முன்னால சப்பாத்தோடயோ?" என்றார் சங்கத் தலைவர்.

"ஐயோ அங்கிள், அது களவெடுத்த படம்!"

அவ்வளவு நேர வக்காலத்தும் ஒரே வரியில் போயிற்று. எல்லோரும் மளமளவென்று சப்பாத்தை மாட்டினார்கள். சங்கத்து மரியா அன்ரி மட்டும் அசையவில்லை. படத்தின் நடுவில், இறுதித் தீர்ப்பு நாளில், சம்மனசு என்ற தேவதூதர் ஒருவர் தராசு பிடித்து மனிதரை எடைபோட்டுக்கொண்டிருந்தார். அதைக் காட்டினார்.

"களவெடுத்தது அவன். சாமி என்ன செய்யும் பிள்ளை? அவனும் ஒருநாள் இந்தத் தராசில ஏறத்தானே வேணும்? லைசன்ஸையும் கொண்டு ஏறட்டும், பாப்பம்."

என்ன பேச்சு என்று ஹெலன் கேட்டார். வேலை போனால் போகட்டும் என்று, களவு என்ற சொல்லையும் விடாமல் மொழிபெயர்த்தேன். ஹெலன் கிட்டப்போய் அந்தத் தராசைப் பார்த்தார். பிறகு தானே ஒரு கதிரையைக் கொண்டுவந்து, இருந்து சப்பாத்துப் போட வசதியாக அன்ரிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இனி எல்லா டூரையும் இங்கேயே முடி. வேலை நிரந்தரம், திங்கட்கிழமை சந்திப்போம்," என்றார்.

அதன்பிறகு நான் கப்டனுக்காக வாதாடியதே இல்லை. தராசுவரை கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுவேன். நிறுப்பது பார்க்க வந்தவர்களின் வேலை.