பத்துக் கிலோ டயோடு

ஏ.எஸ்.ராவ் நகரில் தண்டபாணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். தெரிந்தவர்களில் அவரிடம் ஒரு தடவையாவது திட்டு வாங்காதவர் கிடையாது. மின்னணுத் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரப் பரிசோதனை பார்த்தவர். அளவு மயிரிழை கூடினாலும் பொருளைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகு திருப்பி அனுப்பப் பொருள் இல்லாமல் போகவே, மனிதர்களைப் பிடித்துக்கொண்டார்.

அதிலும் விமானப் பயணிகள் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்து நின்று பெட்டியை இழுப்பவர்களிடம், "உக்காருங்க சார், கதவு என்ன ஓடியா போயிடும்?" என்பார். ஃபோனில் சத்தமாகப் படம் பார்ப்பவர், முன்சீட்டை முட்டியால் இடிப்பவர் என்று யாரையும் விட்டதில்லை. ஒரு முறை பூனையோடு வந்த ஓர் அம்மாளைப் பற்றி ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். பூனை கத்தவே இல்லை. கத்தியிருந்தால் என்ன ஆவது என்பதுதான் புகார்.

அந்த மனிதர்தான் இந்த ஜூலை மாதம் நாயைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற வேண்டி வந்தது.

மனைவி சகுந்தலா, முழங்கால் அறுவை சிகிச்சைக்காகச் சென்னையில் மகள் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. இன்னும் நான்கு மாதம் பயிற்சி செய்ய வேண்டும் என்றார்கள். தினமும் சாயங்காலம் அவள் ஃபோனில் கேட்கும் முதல் கேள்வி, "டயோடு சாப்பிட்டானா?" இரண்டாவது கேள்விதான், "நீங்க சாப்பிட்டீங்களா?" இந்த வரிசை தண்டபாணிக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆறு மணிக்கே ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் அவள் குரல் உடைந்து, "ரெண்டு பேரும் இங்க வந்துருங்களேன்" என்றாள். அன்றே டிக்கெட் போட்டார்.

டயோடு பதினோரு வயதுப் பொமரேனியன். நடக்கக் கூட்டிப்போனால் ஒரே திசையில்தான் இழுக்கும், திரும்பி வராது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் உறுப்பின் பெயரை அதனால்தான் வைத்தார். இதயம் கொஞ்சம் பலவீனம், சரக்கோடு அனுப்பவே கூடாது என்று மருத்துவர் இர்பான் சொல்லிவிட்டார். இருக்கைக்கு அடியில் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் பையோடு சேர்த்துப் பத்துக் கிலோவைத் தாண்டக் கூடாது.

தண்டபாணி வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். ஒரு மாதம் நாய்க்கு அளவுச் சாப்பாடு. பையில் உட்காரப் பழக்க, பக்கத்தில் மிக்ஸியை ஓடவிட்டார், விமான இரைச்சல் பழகட்டும் என்று. டயோடு நடுங்கியது. சகுந்தலாவின் பச்சைச் சுங்குடிச் சேலையை அடியில் மடித்துப் போட்ட பிறகுதான் அடங்கியது. இரண்டு மாதமாக அந்தச் சேலையை அவர் துவைக்கவே இல்லை. நாய்க்காகத்தான் என்று எதிர் வீட்டு ஆக்னஸிடம் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை எல்லாம் சேர்த்து ஒன்பது கிலோ எண்ணூற்று ஐம்பது கிராம். தண்டபாணிக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் ஷம்ஷாபாத் விமான நிலையத்தில், எடைத் தட்டில் பையை வைத்தார். பத்துக் கிலோ நூற்று நாற்பது கிராம் என்றது திரை.

கவுண்ட்டரில் இருந்த சாஹித்யா லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் தமிழர்களோடு வளர்ந்த தெலுங்குப் பெண். "நூத்தி நாப்பது கிராம் எக்ஸ்ட்ரா இருக்கு அங்கிள். உள்ள விட முடியாது" என்றாள்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் இரக்கப்பட்டு, "நூத்தி நாப்பது கிராம்தானேம்மா, விட்டுடேன்" என்றார்.

"அதெப்படி விடுவாங்க? லிமிட்னா லிமிட்தான்!" என்று தண்டபாணி அவர் மேல் பாய்ந்தார். பாய்ந்த பிறகுதான் மாட்டிக்கொண்டிருப்பது தானே என்று உறைத்தது.

இருநூற்றுத் தொண்ணூறு கிராம் ஒரு ராத்திரியில் எங்கிருந்து வந்தது? யோசிக்க யோசிக்க விளங்கியது. வழியனுப்ப வந்த ஆக்னஸ் கையில் அவித்த முட்டை வாசனை. பக்கத்து வீட்டுப் பத்மஜா விரலில் நெய். ஊட்டாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லியிருந்தார். ஊருக்குப் போகிற உயிருக்கு ஒரு வாய் கொடுக்காமல் அனுப்ப அந்தத் தெருவுக்கு மனம் வரவில்லை. நம் ஒரு வாய் என்ன கூடிவிடப் போகிறது என்று ஆளாளுக்கு நினைத்திருக்கிறார்கள். அப்புறம் இன்னொருவர். வெறும் வயிற்றோடு யாரும் இந்த வீட்டுப் படி இறங்கக் கூடாது என்பது சகுந்தலா சொல். அதை மதித்து, காலை ஐந்து மணிக்கு இரண்டு பெரிய உருண்டை தயிர் சாதம் ஊட்டியது தண்டபாணியேதான். வேலியே பயிரை மேய்ந்த கதை.

சென்னையில் சகுந்தலா இந்நேரம் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பாள். நாயை விட்டுவிட்டுப் போக முடியாது. நாயில்லாமல் அவள் முகத்தில் விழிக்கவும் முடியாது. தண்டபாணிக்குக் கண் கலங்கிவிட்டது.

சாஹித்யா குரலைத் தாழ்த்தி, "அந்தச் சேலைய எடுத்துட்டு வைங்க அங்கிள்" என்றாள்.

எடுத்தார். ஒன்பது கிலோ எண்ணூற்று இருபது.

"ஓகே. இப்ப திரும்ப உள்ள போட்டுக்கங்க. நான் பாக்கல."

"நக்கோம்மா, வேணாம்" என்றார் தண்டபாணி. "எடை போட்டப்ப என்ன இருந்துச்சோ அதுதான் உள்ள இருக்கணும்."

சேலையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு நடந்தார். பாதுகாப்புச் சோதனையில் ஒரு தரம் சிரித்தார்கள், விமானத்துக்குள் பல தரம். இறக்கைக்குப் பக்கத்து இருக்கை. எஞ்சின் இரைந்ததும் காலடியில் டயோடு முனகத் தொடங்கியது. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை தண்டபாணிக்கு நன்றாகத் தெரியும். வாழ்நாளெல்லாம் அவர் மற்றவர்களைப் பார்த்த பார்வை அது. பூனைக்கார அம்மாள் ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

பையைத் திறப்பது விதிப்படி தவறு. முந்தானையைத் தொங்கவிடுவதில் விதி எதுவும் குறுக்கே நிற்கவில்லை. சேலையின் ஒரு நுனியைப் பையின் வலை மேல் படும்படி இறக்கினார். டயோடு மூக்கை அதில் பதித்து மோந்தது. முனகல் நின்றது. மறுநுனி அவர் கழுத்திலேயே இருந்தது. குனிந்த முதுகு நிமிராமல் சென்னை வரை அப்படியே போனார்.

தரை தொட்டதும் எல்லாரும் எழுந்து பெட்டியை இழுத்தார்கள். அன்றைக்கு அவர் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. தன் வரிசை வரும்வரை நாயோடு உட்கார்ந்திருந்தார்.

வெளியே, கைத்தாங்கலோடு சகுந்தலா நின்றாள். பையைத் திறந்ததும் டயோடு அவள் காலைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். அப்போதுதான் கணவரின் கழுத்தைப் பார்த்தாள்.

"என்னங்க இது, என் சேலையா? இப்படியேவா அத்தனை பேருக்கு நடுவுல வந்தீங்க?"

"உன் வாசனை இல்லாம அது அடங்க மாட்டேங்குது."

"அது மட்டுமா?" என்று கேட்டாள் சகுந்தலா.

முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு பொய் அறிக்கையில்கூடக் கையெழுத்துப் போடாதவர் தண்டபாணி. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ரெண்டு பேரும்தான்" என்றார்.