வேலை இல்லாதவர் பட்டியலில் ஸ்டெல்லா அக்கா

கரித்தூளும் பசையும் தண்ணீரில் குழைந்த ஈர வாசனை. மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்துக்குள் திரும்பியதுமே மூக்கில் ஏறிவிடும்... ஊதுபத்தியின் நறுமணமெல்லாம் கடையில்தான். உருட்டுகிற வீட்டில் கரி வாசனை மட்டுமே.

எம்.ஏ. சோஷியாலஜி முதல் வருட லீவ். அரசாங்கக் கணக்கெடுப்புக்கு ஆள் எடுத்தார்கள். நானும் ஃபாரங்களோடு வீடு வீடாகப் போனேன்.

எங்கள் பக்கத்துத் தெரு ஸ்டெல்லா அக்கா தரையில் உட்கார்ந்து பத்தி உருட்டிக்கொண்டிருந்தார். ஒன்றரை வயது மகள் ரீனா பக்கத்திலேயே விளையாடிக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றிக் கரி.

"வேலைக்குப் போறீங்களாக்கா?"

"இல்லம்மா. சும்மனே வீட்லதான் இருக்கேன்."

சொல்லும்போதும் அவர் கை உருட்டிக்கொண்டேதான் இருந்தது. நான் ‘வேலையில் இல்லை’ என்று டிக் போட்டேன். அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே டிக். அன்றைக்குள் முடிக்க வேண்டிய வீடுகள் நிறைய இருந்தன...

மறுவருடம், வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் திறக்கப்போவதாகச் செய்தி வந்தது. ரீனாவுக்கு இருமல் விடவே இல்லை. துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு அக்கா வார்டு ஆபீஸுக்குப் போனார்.

கிளார்க் கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். அதன்படி அந்தத் தெருவில் வேலை செய்யும் பெண்கள் அநேகமாக யாருமே இல்லை. எல்லாம் நான் போட்ட டிக்.

வெளியே வந்ததும் உண்மையைச் சொன்னேன்.

"நான்தானே சும்மா இருக்கேன்னு சொன்னேன்," என்றார் அக்கா. கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "ஆனா காலேஜ் படிக்கிறவ நீ, என் கை உனக்குத் தெரியலையா?"

அந்த வாரமே நானும் ஒரு தோழியும் இரண்டு தெருக்களில் மறுபடி கேட்டோம். ‘நேத்து காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க?’ அவ்வளவுதான் கேள்வி. வீட்டுக்கு வீடு பத்தி, தையல், பூக்கட்டு.

எழுதியதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கிளார்க் பொறுமையாகப் படித்தார். பிறகு கன்னடத்தில் கேட்டார்: "ரெண்டு தெருவ வெச்சு ஊர் முழுசுக்கும் நான் என்னம்மா சொல்றது? எங்க லிஸ்ட்ல எல்லாத் தெருவும் இருக்கு. எல்லா வீட்லயும் ஒரே கேள்வி."

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எங்கள் இரண்டு தெருக்களில் எத்தனை வீடு, எத்தனை பெண்கள் என்பதே அந்த லிஸ்டைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஊர் முழுக்க நடந்து கேட்க அரசாங்கத்தால் மட்டும்தான் முடியும். கேட்கத் தெரியாமல் கேட்டால், தப்பும் ஊர் முழுக்கப் பரவும்.

காப்பகம் வேறு ஏரியாவுக்குப் போனது. அங்கேயும் தேவை இருந்தது, மறுக்கவில்லை.

பத்து வருடம் கழித்து, போன மாதம் வேறொரு சர்வேக்காக அதே வீட்டுக்குப் போனேன். இப்போது டேப்லட். கேள்வியும் மாறியிருக்கிறது. கடந்த ஏழு நாளில் என்னென்ன செய்தீர்கள் என்று கேட்கிறது. யாரோ எங்கோ சண்டை போட்டு மாற்றியிருப்பார்கள். அக்கா வேலை செய்பவர் என்று பதிவானது.

எதிரே ரீனா, ஸ்கூல் யூனிபார்மைக்கூட மாற்றாமல் பத்தி உருட்டிக்கொண்டிருந்தாள். வயது பன்னிரண்டு என்று போட்டேன். வேலை பற்றிய கேள்வி வரவே இல்லை. நேராக அடுத்த பக்கம் திறந்தது.

"பாப்பா செய்யிறத எழுதலையா?"

"சின்னப் பிள்ளைங்களுக்கு இதுல அந்தக் கேள்வியே இல்லக்கா."

அக்கா மகளை ஒருமுறை பார்த்தார். "அப்ப படிக்கிறான்னே இருக்கட்டும்மா. அதையாவது நல்லா எழுது."

அன்று ஃபாரத்தில் இடம் இருந்தது, நான் பார்க்கவில்லை. இன்று பார்க்கிறேன்... எழுத இடம் இல்லை. ‘மாணவி’ என்று பதிந்துவிட்டு எழுந்தேன்.