முருங்கை இலைப் பொடியும் நான் ஊற்றச் சொன்ன ஆசிட்டும்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் ஈரத் துணியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தே அதில் சோடாக் காரம் மிச்சமிருக்கிறதா என்று சொல்லக்கூடியவர்கள் திருப்பூரில் நாலு பேர் இருந்தால், முதல் ஆள் நான். கூலிக்குத் துணி அலசியவன், சொந்தமாகச் சாயப்பட்டறை வைத்தேன். யார் கைதூக்கிவிட்டும் வரவில்லை.

என் மருமகள் வேதியியலில் பெரிய படிப்பு படித்தவள். பட்டறைக்குப் பின்னாலிருந்த பழைய சாமான் அறையைக் கேட்டு வாங்கினாள். வெள்ளகோவில் பக்கமிருந்து முருங்கை இலை வரவழைத்துக் கொதிக்கவைத்து, வடித்த சாற்றில் துத்தநாக உப்பைக் கலந்து சூடாக்கி, மாவுபோல ஒரு வெள்ளைப் பொடி எடுத்தாள். துத்தநாக ஆக்சைடாம். துகள் கண்ணுக்கே தெரியாத அளவு, நானோ என்கிறார்கள். கடும் ரசாயனம் செய்கிற வேலையை இலைச்சாறே செய்துவிடுகிறது. அதைப் பனியன் துணியில் ஏற்றினால் கிருமி அண்டாது, வியர்வை வாடை வராது என்றாள். கழிவுத் தண்ணீரால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா?

"ஒரே தடவைதான் அம்மிணி. லேப்ல பாஸாகலீன்னா ரூமைக் காலி பண்ணிரோணும்."

"சரிங்க மாமா" என்றாள்.

குழந்தைகள் உள்ளாடை வாங்கும் கம்பெனி ஒன்று சாம்பிள் கேட்டது. அந்தத் துணி மெஷினில் ஓடிய அன்று அவள் சோமனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். பொடி ஏற்றிய துணியைக் கன்னத்தில் ஒற்றினேன். லேசான வழுவழுப்பு, காரம் நிற்பதுபோல. நாற்பது வருஷமாகக் கடைசி அலசலில் ஆசிட் காட்டாமல் ஒரு துணியும் என் பட்டறைப் படி தாண்டியதில்லை. காரம் நின்றால் உடம்பு அரிக்கும். ஊற்றச் சொன்னேன். தெற்கத்திக்காரரான எங்கள் சாய மாஸ்டர், அவள் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்த அட்டையை நீட்டினார்.

"வேண்டாம்னு எழுதிருக்காவ, மொதலாளி."

"எழுதறவங்க எழுதுவாங்க. போடப்போறது கொழந்தைங்க. ஊத்துங்க."

லேப் முடிவு வந்தது. வெறும் துணிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரில் பொடியைக் கலக்கி, எங்கள் ஆசிட்டைக் கொஞ்சம் ஊற்றினாள். பால்போலிருந்த கலங்கல் மெல்லத் தெளிந்து வெறும் தண்ணீராகிவிட்டது.

"பொடி இப்படித்தானுங்க மாமா கரைஞ்சு போயிருக்குது. ஆசிட் ஊத்தச் சொன்னது யாருங்க?"

மாஸ்டர் மெஷினைப் பார்த்தார்.

"நாந்தான்" என்றேன்.

அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை. கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு, தப்பு பொடியில் இல்லை, என்னிடம்தான் என்று சொல்லி, இன்னொரு சாம்பிள் எடுத்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன் நான். வேறு இடத்தில் முடித்துவிட்டதாக மரியாதையாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் காட்டுவது?

அறையைக் காலி செய்யவில்லை. அதைப்பற்றி நானும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்த துணி ஓடுகிறது. அவள் எழுதும் அட்டை மட்டும் இப்போது தமிழில் வருகிறது. கடைசி வரி கொட்டை எழுத்தில்: ஆசிட் வேண்டாம்.

மாஸ்டருக்கு இங்கிலீஷ் நன்றாகவே வரும்.