அப்படி யாரும் இங்கே இல்லை

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பெயர். ஒன்று ரேஷன் கார்டில் இருப்பது, மற்றது நெத்திலி. ஆறடி உயரமும் அதற்கேற்ற தோளும் உள்ள மனிதருக்கு இப்படி ஒரு பெயரை வைத்த புண்ணியவான் யார் என்று யாருக்கும் தெரியாது. பட்டினப்பாக்கத்தில் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு இருந்தது. நெத்திலி வீடு எது என்று கேட்டால் எங்கள் வரிசையில் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். கார்டில் இருக்கும் பெயரைச் சொன்னால் அடுத்த வீட்டுக்காரர்களே முழிப்பார்கள். எனக்கு மட்டும் அது மனப்பாடம், ஏனென்றால் வீட்டுக்கு வரும் படிவங்களையெல்லாம் நிரப்புவது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் வேலை.

அப்பாவின் உயரம் அப்படியே அக்காவுக்குப் போய்விட்டது. எனக்கு மிஞ்சியது அவருடைய பட்டப்பெயருக்குப் பொருத்தமான உடம்பு. அக்கா மாநகராட்சிப் பள்ளியில் வலையில்லாத வளையத்தில் பந்து போட்டுப் பழகினாள். அந்தக் கூடைப்பந்தாலேயே மயிலாப்பூர் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் வருடமே கல்லூரி அணியில் ஆடினாள். எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மீன் ஏலத்தில் அம்மா கூடையைத் தன் பக்கம் இழுப்பாளே, அதே வேகம். தி. நகரில் நடந்த ஓர் ஆட்டத்துக்கு அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டம் முழுக்க அம்மா பார்த்தது அக்காவின் ஷார்ட்ஸை மட்டும்தான். ஆனால் கடைசியில் அக்கா போட்ட பந்து உள்ளே விழுந்ததும் எழுந்து நின்று அம்மா போட்ட கூச்சலில் பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த வருடம் பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு பேரை எடுத்தார்கள். அக்கா பதின்மூன்றாவது. பன்னிரண்டு பேரில் யாராவது வர முடியாமல் போனால் அவளைக் கூப்பிடுவதாகக் கோச் மேடம் சொல்லியிருந்தார். அக்காவுக்கு அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. “அந்த டீம்ல ஒரு தபா ஆடிட்டா போதும் பாப்பா, அப்பால வேலைக்கு எவனையும் கெஞ்ச வேணாம்” என்பாள். அணி வெளிமாநிலத்துக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில், எங்கள் வீட்டில் இருந்த ஒரே செல்போன் மீன் கழுவும் அன்னக்கூடைத் தண்ணீரில் விழுந்து ரிப்பேர் கடைக்குப் போய்விட்டது.

அதே மாதத்தில்தான் எங்கள் வரிசையைக் கணக்கெடுக்க அரசாங்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பெயரை எழுதி முடித்ததும் ஊருக்கு வெளியே எங்கேயோ ஏழாவது மாடியில் கொண்டுபோய் ஏற்றிவிடுவார்கள், அங்கிருந்து கடலுக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும் என்று பேச்சு. தெருவே கூடி ஒரு முடிவு எடுத்தது. கார்டுப் பெயரைச் சொல்லி யார் விசாரித்தாலும் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட வேண்டும். நம்முடைய ஆட்கள் யாரும் அந்தப் பெயரைச் சொல்லித் தேட மாட்டார்கள் அல்லவா? அம்மா என்னைத் தனியாக உட்காரவைத்துச் சொன்னாள். “கேஸ் கம்பெனின்னு சொல்லுவாங்க, ஸ்கூல்லேர்ந்து வரோம்னு சொல்லுவாங்க, நம்பிடாத. நீ வாயத் தொறந்த, வூடு போயிரும்.”

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் அக்காவும் லூப் ரோட்டில் மீன் விற்கப் போயிருந்தார்கள். கடலிலிருந்து திரும்பிய அப்பா உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு பெண் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். குழாயடியில் நான்கு பேர் ஏற்கெனவே உதட்டைப் பிதுக்கி அவரை அனுப்பியிருந்தார்கள்.

ஃபைலைப் பார்த்து அப்பாவின் கார்டுப் பெயரைப் படித்தார். “இவரோட வீடு எதும்மா?”

“அப்டி யாரும் இங்க இல்ல.”

அடுத்து அக்காவின் முழுப் பெயரைச் சொன்னார். “நான் அவ காலேஜ்லேர்ந்து வரேன்மா. கோச். ரொம்ப அவசரம், சாயங்காலம் ட்ரெயின். அவ அப்பாகிட்ட ஒரு கையெழுத்து வாங்கணும்.”

கையெழுத்து என்ற சொல் காதில் விழுந்ததும், இவர் கணக்கெடுக்க வந்தவர்தானா என்று எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. தி. நகரில் தூரத்தில் தொப்பியோடு பார்த்த மேடத்தைச் சுடிதாரில் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“உள்ள யாரு தூங்கறது?”

“எங்க மாமா. ஊர்லேர்ந்து வந்துகிறாரு.”

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் கெட்டிக்காரத்தனம் நிறுத்த விடவில்லை. “நீங்க சொல்றவங்க காலி பண்ணிக்கினு கொட்டிவாக்கம் பக்கம் போய்ட்டாங்க, போன மாசமே” என்றேன்.

அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். குடித்துவிட்டு மணி பார்த்தார். யாருக்கோ போன் செய்து, “கிடைக்கல. அடுத்த பொண்ணையே வரச் சொல்லிடுங்க” என்றார். சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது எனக்கு நன்றிகூடச் சொன்னார்.

லூப் ரோட்டுக்கு ஓடினால் பத்து நிமிடம். உள்ளே போய் அப்பாவை எழுப்ப அரை நிமிடம். இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்க்காத மாதம் இல்லை. அடுத்த வருடம் அக்காவுக்கு முழங்கால் போய்விட்டது, பல்கலைக்கழக அணி அவளை மறுபடி கூப்பிடவில்லை. இப்போது ஒரு தனியார் பள்ளியில் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சி வேலை பார்க்கிறாள். வந்தது யார் என்று அவள் என்னிடம் சொன்னதே இல்லை. நான் அதே கல்லூரியில் சேர்ந்தபோது அந்த மேடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. இவ்வளவு தாமதமாக அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னும் கேட்கவில்லை.

அன்று இருட்டும் நேரத்தில் அவர்கள் வீடு திரும்பியதும் நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். தான் ஒரே நாளில் மாமாவாகிவிட்டதைக் கேட்டு அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “எங்கூட்டு வக்கீலம்மாடி நீ!” என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள். அக்கா மட்டும் கூடையை இறக்காமல் நின்றாள்.

“இன்னா பேர் கேட்டாங்க?”

“அப்பா பேரு. அப்பால உன் பேரு.”

“ட்ரெயின்னு எதுனா சொன்னாங்களா?”

“ஆமா! சாயங்காலம் ட்ரெயினாம், கையெழுத்து வேணுமாம். நான் நம்புவேனா?”

அம்மா திரும்பிப் பார்த்தாள். “யாருடி அது? உனக்குத் தெரிஞ்சவங்களா?”

அக்கா கூடையை மெதுவாகக் கீழே வைத்தாள். “சர்வே மேடம்தாம்மா. பொய் சொல்லிக்கிது” என்றாள். பிறகு மீன் வாடை அடிக்கும் கையால் என் தலையைத் தடவி, “நல்லா சொன்ன பாப்பா” என்றாள்.

செய்தி பரவி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அம்மா என்னை நடித்துக் காட்டச் சொன்னாள். நான் மேடமாகவும் நடித்தேன், நானாகவும் நடித்தேன். தண்ணீர் குடித்து மணி பார்த்ததைச் செய்து காட்டியபோது சிரிப்பு அடங்கவே இல்லை. மூன்றாம் முறை நடிக்கும்போது அக்கா எழுந்து ஆற்றங்கரைப் பக்கம் போனாள். என் நடிப்பில்தான் ஏதோ குறை என்று நினைத்தேன். அவள் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்ததும், கையைப் பிடித்து இழுத்து எதிரே உட்காரவைத்து, இந்த முறை இன்னும் நன்றாக, அவளுக்காகவே முதலிலிருந்து நடித்துக் காட்டினேன்.