செபம் முடியும்வரை தொடக் கூடாது

ஒனுஃப்ரி முப்பத்தெட்டு வருஷம் ஈட்டிக் குதிரைப்படையில் இருந்தான். அத்தனை வருஷத்தில் ஒரு எதிரியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. அவன் ஈட்டி ஒடித்ததெல்லாம் எங்கள் ஊர் மாதா கோயிலுக்குள், சவப்பெட்டிக்கு முன்னால்தான். எனக்குத் தெரியாதா? சிதறின மரச்சில்லையும் குதிரை லத்தியையும் கூட்டி அள்ளினவன் நான், கோயில்பிள்ளை கிளெமென்ஸ்.

பிரபு யாராவது செத்தால் அதுதான் வழக்கம். இரும்புக் கவசம் போட்டு, முதுகில் இறக்கை கட்டின வீரன் ஒருவன் குதிரையோடு கோயிலுக்குள் பாய்ந்து வந்து, பெட்டியடியில் ஈட்டியை ஒடித்துவிட்டுத் தடாலென்று கீழே விழ வேண்டும். விழுந்து கிடப்பவன்தான் செத்த பிரபு என்று கணக்கு. அதனால் செபம் முடியும்வரை அவனை யாரும் தொடக் கூடாது.

ஒனுஃப்ரியின் பாட்டன் காலத்தில் அந்த இறக்கைச் சத்தம் கேட்டாலே துருக்கியன் கூடாரத்தைப் போட்டது போட்டபடி ஓடினான் என்பார்கள். பிறகு பீரங்கி பெருத்தது, சம்பளம் சிறுத்தது, படை ஊர்வலத்துக்கும் சாவுக்கும் என்று ஆகிவிட்டது. கழுகிறகைப் பூச்சி அரித்த இடங்களில் அவன் பெண்டாட்டி பெத்ரோனெலா வாத்து இறகைச் செருகிக் கரி பூசிவிடுவாள். சாராயக் கடையில் நாங்களும் சும்மா விடவில்லை. "இன்னைக்கு எந்தப் பொணத்தோடப்பா சண்டை?" என்று கேட்போம். அவனும் சிரிப்பான். விழுந்து கிடக்கும்போது என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டுவான். அடி படவில்லை என்று அர்த்தம்.

அறுபது தாண்டியதும் இடுப்பு போய்விட்டது. ஒரு சாவில் இரண்டு பேர் தூக்கித்தான் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு பெரிய பிரபு கண்ணை மூடினார். மறுநாளே பெத்ரோனெலா மடி நிறைய முட்டையோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, இன்னொரு தடவ விழுந்தா அவரு எந்திரிக்க மாட்டாரு. முடியலன்னு வாயத் தொறந்து சொல்ற ஆளும் இல்ல. நீங்க சாமியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

சொல்கிறேன் என்று முட்டையை வாங்கி வைத்தேன். சொல்லவில்லை. விழ ஆளில்லை என்று தெரிந்தால் பிரபுவின் விதவை சாவை மடத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவாள். நானூறு மெழுகுவர்த்திக்குச் சொல்லியிருந்தாள். எரிந்து மிஞ்சின துண்டெல்லாம் கோயில்பிள்ளைக்கு. வெட்கங்கெட்ட பிழைப்பு, வேறென்ன சொல்ல.

அன்று அவன் பாய்ந்து வந்தான், ஈட்டியை ஒடித்தான், விழுந்தான். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கண் சிமிட்டினானா என்று எனக்குத் தெரியவில்லை. முன்வரிசையில் ஒரு சீமாட்டி, நிஜமாகவே செத்தவன் மாதிரி கிடக்கிறானே என்று மெச்சினாள். எனக்குக்கூடப் பெருமையாக இருந்தது. செபம் நீண்டுகொண்டே போனது. துண்டு பெரிதாக மிஞ்சட்டும் என்று நான் ஓரத்து மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்த பிறகு போய்த் தொட்டேன். காதிலிருந்து வழிந்த ரத்தம் கல்தரையில் உறைந்திருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது.

பெத்ரோனெலா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொன்னீங்களா அண்ணே?"

"சொன்னேம்மா. சாமியாரு கேக்கல."

மறு வருஷம் அந்தப் படையையே கலைத்து உத்தரவு வந்தது. இன்னும் ஒரே ஒரு வருஷம். அப்புறம் அவனை விழச் சொல்ல யாருமே இருந்திருக்க மாட்டார்கள். இதை நினைக்காமல் நான் தூங்கினதில்லை.

அவன் அடக்கத்துக்குக் குதிரையும் வரவில்லை, ஈட்டியும் ஒடியவில்லை. சேர்த்து வைத்த மெழுகுத் துண்டுகள் எல்லாவற்றையும் அவன் பெட்டியைச் சுற்றி ஏற்றினேன். பிரபுவுக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இல்லை. பெத்ரோனெலா வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அவருக்குன்னு நீங்க ஒருத்தராவது இருந்தீங்களே அண்ணே" என்றாள்.